கூலியும் கொடையும்

ஒருவன் செய்த வேலைக்கு ஈடாக மற்றொருவன் கொடுக்கும் பொருள் கூலி எனப்படும். வேலை யாதும் கருதாது, வறியவன் துயர் நோக்கிக் கொடுக்கும் பொருள் ஈகை எனப்படும். தன் கடமையைச் செவ்வனே செய்தவனைக் கண்டு உள்ளம் மகிழ்ந்து, அவன் கூலிக்கு மேலாக மனமுவந்து அளிக்கும் பொருள் வெகுமதி எனப்படும். இம்மூன்றும் கைமாறும்போது ஒரே காசாகத் தோன்றினும் தன்மையால் வேறுவேறாம். கூலி கடன், அதனைக் கொடாதவன் பிறன்பொருளை வைத்திருப்பவனாவான். ஈகை அறம், அதனைச் செய்யாதவன் புண்ணியத்தை இழப்பானன்றி வழக்குக்கு ஆளாகான். வெகுமதி மகிழ்ச்சியின் அடையாளம். அது கொடாதவழியும் குற்றமில்லை. இவை மூன்றும் ஒன்றோடொன்று மயங்குமாயின் விளைவது யாது என்பதனையே ஈண்டு ஆராயப் புகுந்தாம்.

உணவுச்சாலையிலே பரிமாறினவனுக்கும், விடுதியிலே பெட்டி சுமந்தவனுக்கும், வாடகை வண்டி ஓட்டினவனுக்கும், குறித்த விலைக்கு மேலாகச் சிறுகாசு கொடுக்கும் வழக்கம் இக்காலத்து எங்கும் பரவியுள்ளது. மேனாட்டார் இதனை 'டிப்' என்பர். நம் நாட்டார் 'சந்தோஷம்' என்பர். இப்பெயர் நன்றாகவே அமைந்தது. சந்தோஷத்தினாற் கொடுப்பது, கொடுத்தவழிச் சந்தோஷம் தருவது, என இருவகையானும் பொருந்தும். ஆனால் ஒருவனுடைய அடுப்பு எரிவதும் அவன் பிள்ளை பள்ளிக்குச் செல்வதும் பிறருடைய சந்தோஷத்தையே நம்பியிருக்குமாயின், அதனைச் சந்தோஷம் என்றல் தகுமோ?

இவ்வழக்கம் மேனாட்டில் வேரூன்றிய வரலாறு நோக்கற்பாலது. 18 ஆம் நூற்றாண்டிலே இங்கிலாந்தில் பிரபுக்களின் மாளிகைக்கு விருந்துண்ணச் சென்றோர், விடைபெறும்போது வாயிலில் வரிசையாக நிற்கும் ஏவலாளருக்குக் காசு கொடுத்தே செல்லல் வேண்டியிருந்தது. அதற்கு 'வேல்ஸ்' என்று பெயர். செல்வன் அழைத்த விருந்துக்குச் செல்லப் பொருளில்லாத நண்பன் அஞ்சும் நிலை உண்டாயிற்று. ஜோனாஸ் ஹான்வே என்பார் 1760 இல் இவ்வழக்கத்தைக் கண்டித்து எழுதினார். ஸ்கொத்லாந்திலே கனவான்கள் கூடி, இதனை ஒழிப்பதெனத் தீர்மானஞ் செய்தனர். 1764 இல் லண்டன் ரனிலா உல்லாசப் பூங்காவிலே ஏவலாளர் இதன்பொருட்டுக் கலகமுஞ் செய்தனர். கலகஞ் செய்தோரைப் பழித்தல் எளிது. ஆயினும் விருந்துக்கு அழைத்தவன் ஒருவன், அவன் ஏவலாளரைப் போஷிப்பவன் வேறொருவன் என்னும் தலைதடுமாற்றம் எவராலே தொடங்கியது என்பதை உய்த்துணர்வார்க்குப் பழி எங்கே சேரும் என்பது விளங்கும்.

ஐக்கிய அமெரிக்காவிலே இக்கதை இன்னுங் கொடிதாயிற்று. 1865 இல் அடிமைமுறை அந்நாட்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்குக் காணியில்லை, கைப்பொருளில்லை. 1867 இல் ஜோர்ஜ் புல்மன் தாபித்த துயிலறைப் புகைவண்டிக் கம்பெனி அவர்களைப் பெருந்தொகையாகப் பணிக்கமர்த்திற்று. சம்பளம் மிகச் சிறிது. எஞ்சியதைப் பிரயாணிகளின் கொடையால் நிரப்பிக்கொள்ளல் வேண்டும். படுக்கை விரித்துச் சப்பாத்துத் துடைத்து இரவெல்லாம் விழித்திருந்த அம்மனிதரை, அவர் சொந்தப் பெயரை விசாரியாது, முதலாளியின் பெயராலே 'ஜோர்ஜ்' என்று பிரயாணிகள் கூப்பிடுவர். காசை வேண்டி நிற்பவன் தன் பெயரையும் கேட்டுப் பெற அஞ்சினான். 1925 இல் ஏ. பிலிப் ராண்டொல்ப் என்பார் தலைமையில் அவர்கள் தொழிற்சங்கம் அமைத்தனர். பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்தின் பின், 1937 இல் அக்கம்பெனி சங்கத்தோடு உடன்படிக்கை செய்தது. சம்பளம் உயர்ந்தது. மாதத்தில் 400 மணிநேரம் வரை இருந்த வேலை 240 மணிநேரமாகக் குறைந்தது. அவர்கள் கேட்டது பிரயாணிகளின் தாராளத்தையன்று, கணக்கிட்டு எழுதப்பட்ட கூலியையே என்பது கருதத்தக்கது.

இவ்வழக்கம் குடியரசுக்கு ஒவ்வாதது, ஒருவனைப் பிரபுவும் மற்றவனைப் பணிவிடைக்காரனும் ஆக்குவது, என்று அந்நாட்டிலேயே பலர் வெறுத்தனர். வாஷிங்டன் மாகாணம் 1909 இல் இதனைத் தடைசெய்து சட்டமியற்றிற்று. வேறு சில மாகாணங்களும் பின்பற்றின. ஆனால் வாஷிங்டன் தன் சட்டத்தை 1913 இல் நீக்கிற்று. மிசிசிப்பி 1912 இல் இயற்றியதை 1926 இல் நீக்கிற்று. அச்சட்டங்கள் கொடுப்பதை விலக்கினவேயன்றி, அதனால் ஒழியும் வருவாய்க்கு ஈடாகக் கூலியை நிறுவினவல்ல. பசித்தவன் கையிலிருந்து பிச்சையைப் பறித்துவிட்டுச் சோற்றுக்கு வழி சொல்லாத சட்டம் எங்ஙனம் நிலைக்கும்?

1938 இல் அந்நாட்டார் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இயற்றினர். உணவுச்சாலை, விடுதி முதலியவற்றின் தொழிலாளர் பெரும்பாலோர் அதன் நிழலுக்குப் புறம்பாகவே நின்றனர். 1966 இல் அவர்களையும் சேர்த்துக்கொண்டபோது, கொடை பெறும் தொழிலாளிக்கு முதலாளி குறைந்தபட்சக் கூலியிற் பாதியே கொடுத்தாற் போதும், மற்றப் பாதிக்குக் கொடைக்காசைக் கணக்கிற் கொள்ளலாம் என விதித்தனர். 1991 இல் அப்பாதி மணிக்கு 2.13 டொலராயிற்று. 1996 இல் பொதுக்கூலி உயர்ந்தபோதும் இதனை உயராமற் கட்டிவிட்டனர். 2009 முதல் நாட்டின் பொதுக்கூலி மணிக்கு 7.25 டொலர், பரிமாறுவோர்க்கு முதலாளி கொடுக்கக் கடமைப்பட்டது அதே 2.13 டொலர். மாகாணங்கள் பல இதனின் மேலாக விதித்துள்ளன. எனினும் நாட்டுச் சட்டம் இத்தொகையை முப்பது ஆண்டுக்கு மேலாக அசையாது வைத்திருக்கின்றது.

இனி இக்கணக்கின் உட்பொருளைச் சிறிது ஆராய்வாம். ஒரு பெண் வாரத்தில் 40 மணிநேரம் பரிமாறுகின்றாள் எனக் கொள்வோம். 7.25 வீதம் அவளுக்குரியது 290 டொலர். முதலாளி தன் பையிலிருந்து கொடுப்பது 85.20 டொலர். குறையாகிய 204.80 டொலர் உண்டவர்களின் கொடையால் நிரம்பும். அங்ஙனம் நிரம்பாதாயின் முதலாளியே நிரப்பல் வேண்டும் என்று சட்டங் கூறும். அஃதுண்மையாயின், அவள் ஒருகாசும் கொடையாகப் பெறாதவழியும் 290 டொலர் பெறுவாள், 204.80 டொலர் பெற்றவழியும் அதே 290 டொலரே பெறுவாள். ஆகவே உண்டவர்கள் அவள் முகம் நோக்கி அன்போடு வைத்த முதல் 204.80 டொலரால் அவளுக்கு ஒருகாசும் அதிகமாகவில்லை. அதனாலே பயனடைந்தவன் முதலாளி. கொடுத்தவன் ஏழைத் தொழிலாளிக்குக் கொடுத்ததாக மகிழ்ந்து செல்கின்றான். உண்மையிலோ முதலாளியின் கடனைத் தீர்த்துவிட்டுச் செல்கின்றான். கொடுத்தவனும் அறியாது, பெற்றவளும் அடையாது, மூன்றாமவன் பெட்டியிற் சேரும் இக்காசினைக் கொடை என்பதா? கூலி என்பதா? இரண்டும் மயங்கியதால் இரண்டுங் கெட்டது என்பதே பொருந்தும்.

இனி இதனை ஆதரிப்போர் கூறுவனவற்றை ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவாம்.

குறையை முதலாளி நிரப்புவான் என்று சட்டம் இருத்தலின் தொழிலாளிக்கு இழப்பு இல்லை என்பர் ஒரு சாரார். ஏட்டளவில் அது சரியே. ஆனால் குறை நிரம்பியதோ இல்லையோ என்று கணக்குப் பார்ப்பவன் முதலாளி. இல்லையென்று முறையிட வேண்டியவள் அவனுக்குக் கீழே வேலை செய்பவள். நாளைக்கு எந்த மேசை, எந்த நேரம் என்பதை அவன் வாய்ச்சொல்லே தீர்மானிக்கின்றது. அந்நிலையில் நிற்பவள் சில டொலருக்காக வழக்காடுவாள் என எதிர்பார்த்தல் மனித சுபாவம் அறியாதார் கூற்று.

கொடை உண்டாயின் ஊழியம் நன்கு நடைபெறும் என்பர் மற்றொரு சாரார். இது கேட்பதற்கு நியாயம்போலத் தோன்றும். கோர்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த மைக்கல் லின் என்னும் ஆசிரியர் இதனைப் பல ஆண்டு ஆராய்ந்து, ஊழியத்தின் சிறப்புக்கும் கொடையின் அளவுக்கும் உள்ள தொடர்பு மிக மெல்லியது என்று கண்டார். கொடுப்பவன் பெரும்பாலும் வழக்கத்தாற் கொடுக்கின்றான். பட்டியலின் தொகைக்கு இத்தனை வீதம் எனக் கணக்கிட்டுக் கொடுக்கின்றான். அவரும் அவர் கூட்டத்தாரும் 2008 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒத்த ஊழியத்துக்கும் கறுப்பினத்தார் வெள்ளையரிலும் குறைவாகப் பெற்றமை காணப்பட்டது. முதலாளி தோலின் நிறம் நோக்கிக் கூலியைக் குறைப்பானாயின் அந்நாட்டு நீதிமன்றம் தண்டிக்கும்; நூறு விருந்தினர் தனித்தனி அங்ஙனஞ் செய்யின் யார் மேல் வழக்கு வைப்பது? கூலியை விருந்தினன் கையில் விட்டபோது நீதியையும் அவன் கையில் விட்டதாயிற்று.

அன்றியும், மனக்குணங்களை இவ்வழக்கம் எங்ஙனம் மாற்றுகின்றது என்பதும் நோக்குக. தக்க கூலி பெறுவோன் விருந்தினனைப் பார்த்துச் சிரித்தால் அது மரியாதை. அச்சிரிப்பின்மேலே அவன் இராச்சோறு தங்கியிருக்குமாயின் அது வேஷம். தகாத சொல்லைச் சொல்லுபவனையும், கையைப் பற்றுபவனையும், மேசையிலே காசு வைக்கப்போகிறவன் என்பதற்காக ஒரு பெண் பொறுத்துப் போகவேண்டிய நிலை எத்துணை இழிவானது! அவ்விழிவு அவளுடையதன்று, அந்நிலையை அமைத்தவர்களுடையது. கொடுப்பவனிடத்தும் இது தீமையே விளைக்கும். சிறு தொகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணிநேரம் மற்றொரு மனிதனுக்கு நீதிபதியாக வீற்றிருக்கும் இன்பத்தை அவன் பழகிக்கொள்கின்றான்.

தொழிலாளரே இம்முறையை விரும்புகின்றனரே என்பர் வேறொரு சாரார். இது தள்ளிவிடத்தக்க வாதமன்று. மேயின் மாகாணத்திலே 2016 இல் வாக்காளர் பரிமாறுவோர்க்குப் பொதுக்கூலியைப் படிப்படியாக வழங்கத் தீர்மானித்தனர். பரிமாறுவோர் பலரே எதிர்க்க, 2017 இல் சட்டசபை பழைய முறையை மீட்டது. மசசூசெற்ஸ் மாகாணத்தில் 2024 இல் அத்தகைய பிரேரணையை வாக்காளர் நிராகரித்தனர். நியூயோர்க் நகரத்திலே டனி மேயர் என்னும் உணவுச்சாலை முதலாளி 2015 இல் கொடையை ஒழித்து விலையை உயர்த்தி அதனாற் கூலி கொடுக்க முயன்றார். 2020 இல் அம்முயற்சியைக் கைவிட்டார். இவை உண்மை. பெருநகரின் விலையுயர்ந்த உணவுச்சாலையிலே மாலை வேளையிற் பரிமாறுவோர் இம்முறையால் மிகுதியாகப் பெறுகின்றனர். அவர்கள் அஞ்சுவது இயல்பே. ஆயினும், நெடுஞ்சாலை ஓரத்துச் சிறுகடையிலே காலையில் முட்டையும் ரொட்டியும் பரிமாறும் முதியவளுடைய நிலை அதுவன்று. பலருள் சிலர் நன்றாக வாழ்தலால் ஒரு முறை நியாயமாகிவிடாது.

மேலும், நியாயமான கூலி வேண்டும் என்பார் வெகுமதியை விலக்கச் சொல்லுவாரல்லர். கலிபோர்னியா, ஒரகன், வாஷிங்டன், நெவாடா, மொன்டானா, மினசோற்றா, அலாஸ்கா என்னும் ஏழு மாகாணங்களிலே பரிமாறுவோர்க்கும் முழுக்கூலியே கொடுத்தல் வேண்டும். கொடைக்காசு அதற்கு மேலாகவே அவரைச் சேரும். அங்கே உணவுச்சாலைகள் மூடப்பட்டொழியவுமில்லை. விருந்தினர் கொடுப்பதை நிறுத்தவுமில்லை. அங்கே கொடுக்கப்படும் முதற்காசே தொழிலாளிக்குப் பயனாகின்றது. கொடை அங்கேதான் கொடையாகின்றது.

சோற்றின் விலை உயருமே என்பது எஞ்சிய வாதம். உயரும். உயர்தலே நேர்மை. சமைத்தவன் கூலியும், பரிமாறினவள் கூலியும், பாத்திரந் துலக்கினவன் கூலியும் சேர்ந்ததே சோற்றின் விலை. அரிசிக்கும் விறகுக்கும் விலையைப் பட்டியலில் எழுதிவிட்டு, மனிதனுடைய உழைப்புக்கு மாத்திரம் 'உங்கள் விருப்பம்' என்று விடுதல் எந்த வாணிக நீதி? பிரான்சு தேசத்தார் 1987 முதல் உணவுச்சாலை விலைப்பட்டியலில் ஊழியத்தின் விலையும் அடங்கியிருத்தல் வேண்டும் என விதித்துள்ளனர். பிரித்தானியர் 2009 இல், கொடைக்காசைக் குறைந்தபட்சக் கூலியின் பாகமாகக் கணக்கிடலாகாது என்றனர். 2023 இல் இயற்றி 2024 ஒக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தால், அக்காசு முழுவதும் குறைவின்றி ஊழியரைச் சேரல் வேண்டும் என்றும் விதித்தனர். வேல்ஸ் கலகம் நிகழ்ந்து 260 ஆண்டு கழிந்தபின், அந்நாட்டார் இருவேறு பொருளை இருவேறாகவே எழுதக் கற்றனர்.

பிறநாட்டுக் குறையை எடுத்துக்கூறி நம் நாட்டை மறத்தல் முறையன்று. இலங்கையிலே பெரிய ஹோட்டல்களிற் பட்டியலோடு நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக்கட்டணம் சேர்த்து, மாதந்தோறும் ஊழியரிடையே பகிர்வது வழக்கம். விருந்தினர் நிறைந்த மாதத்தில் இப்பங்கு அவர் சம்பளத்துக்குப் பெருந்துணை. ஆனால் 2019 ஏப்ரலில் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளின் பின்னும், 2020 இல் கொள்ளைநோய் பரவியபோதும், விருந்தினர் வருகை அற்றது, அப்பங்கும் அற்றது. அவ்வூழியர் வீட்டிலே பசி அறவில்லை. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் நூற்றுக்கு 8 வீதமும் முதலாளி 12 வீதமும் செலுத்துவது சம்பளத்தைக் கொண்டே. விருந்தினன் கையில் வைத்துச் சென்ற காசு அக்கணக்கிலே சேராது. இளமையில் எத்துணைக் காசு 'சந்தோஷமாக' வந்ததாயினும் முதுமைக்கு அதனால் யாதொரு துணையுமில்லை. 2016 ஆம் ஆண்டின் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் மாதத்துக்கு 10,000 ரூபா என்று தொடங்கிற்று. 2025 இல் அது 27,000 ரூபா ஆயிற்று. 2026 தை முதல் 30,000 ரூபாவாக ஏற்பாடாயிற்று. இத்தொகை கொண்டு ஒரு குடும்பம் உண்டு உடுத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கக் கூடுமோ என்பதை, மாதந்தோறும் கடைக்குச் சென்று மீளும் நம் வாசகர்க்கு யாம் எடுத்துக்காட்ட வேண்டியதில்லை.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் எத்தகையர் எனின், தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டு ஒன்று சான்றாகும். இராசராச சோழன் அக்கோயிற் பணிக்கெனக் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் தனித்தனி வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல் கொண்ட பங்கும் விதித்தான். நட்டுவர், குழலூதுவோர், கணக்கர், தச்சர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என்பார்க்கும் பங்கு இத்தனை என வகுத்துக் கல்லில் வெட்டுவித்தான். ஒருவர் இறப்பின் அவர் பங்கும் பணியும் உரிய உறவினரைச் சேரும் என்றும் எழுதுவித்தான். அம்முறையில் இக்காலத்துக்கு ஒவ்வாதன பல உள. எனினும் தரிசிக்க வருவோர் தட்டிலே இடும் காசைக்கொண்டு இவர்கள் பிழைத்துக்கொள்வர் என்று அவ்வரசன் விட்டானல்லன். இக்காலத்து நம் கோயில்கள் பலவற்றிலே பூசகரும், மேளகாரரும், மடைப்பள்ளியிற் பணிசெய்வோரும் எதனைக்கொண்டு சீவிக்கின்றனர் என்பதைத் தருமகர்த்தர்கள் தம்முட் கேட்டுக்கொள்வாராக. கோபுரத்துக்கு வர்ணம் தீட்ட இலட்சங்கள் சேர்க்கும் சபை, தவில் வாசிப்பவன் திருவிழா அல்லாத மாதத்தில் என் செய்வான் என்று ஒருநாளாவது ஆலோசித்ததுண்டோ?

அங்ஙனமாயின் நியாயமான கூலி எனப்படுவது யாது? வேலைக்கு முன்னரே இவ்வளவு என்று அறியப்படுதல். அத்தொகை வேலை செய்பவனும் அவன் குடும்பமும் உண்ணவும் உறையவும் பிள்ளைகளைப் படிப்பிக்கவும் போதுமானதாதல். நோய்க்கும் முதுமைக்கும் அதிலிருந்து ஒரு பகுதி ஒதுங்குதல். முகமும் நிறமும் குலமும் நோக்கி வேறுபடாதிருத்தல். கொடாதவழி அஞ்சாது கேட்டுப் பெறும் உரிமை இருத்தல். இவ்வைந்தினுள் ஒன்றையேனும் 'சந்தோஷம்' தரமாட்டாது. கூலி இவ்வைந்தையும் தந்தபின்னரே சந்தோஷத்துக்கு இடமுண்டு.

இனி, உண்பவன் கடமை யாது என்று வினவுவார் உளர். கொடைமுறை பிழை என்று அறிந்தேன், ஆதலின் கொடேன், என்று மேசையை விட்டெழுந்து போதல் அறமாகுமோ? ஆகாது. மணிக்கு 2.13 டொலர் பெறும் பெண்ணுக்கு ஒன்றும் வையாது வருபவன் முதலாளியைத் தண்டித்தானல்லன், அவளையே தண்டித்தான். உணவின் விலை குறைவாக இருந்தது அவள் கூலியைக் கழித்ததனால் என்பதை அறிந்தும் அக்குறைந்த விலையை மாத்திரம் ஏற்பவன், அநீதியின் பயனில் தானும் பங்கு கொண்டவனாவான். அங்கே அவன் கொடுப்பது கடன் என்று எண்ணியே கொடுத்தல் வேண்டும். கொடையாளி என்ற பெருமை அவனுக்கு வேண்டா. கொடுத்தபின்னரும் அவன் கடமை தீர்ந்ததன்று. வாக்களிக்கும் இடத்திலும் எழுதும் இடத்திலும் பேசும் இடத்திலும், அக்கடன் உரியவன் தலையிலே ஏற்றப்படும்படி முயலல் வேண்டும். காசு வைத்துவிட்டதனால் மனச்சாட்சி உறங்கிவிடுமாயின், அக்காசு தன் உறக்கத்துக்குக் கொடுத்த விலையேயாம்.

நம் நாட்டிலும், சேவைக்கட்டணம் பட்டியலில் இருக்கக் காண்போர், அது ஊழியரைச் சேருகின்றதோ என்று மரியாதையோடு விசாரித்தல் நன்று. நம் வீட்டில் வேலை செய்வோர்க்கும் தோட்டத்திற் கூலிக்கு நிற்போர்க்கும் தீபாவளிக்கு ஒரு சேலையும் பொங்கலுக்கு ஒரு பை அரிசியும் கொடுத்துவிட்டு, மாதக் கூலியிலே குறைத்துக்கொள்ளுதலும் இக்குற்றத்தின்பாற் படும். சேலை நன்று, கூலியைக் குறைத்துக் கொடுத்த சேலை நன்றன்று. கடனைத் தீர்த்தபின் கொடுப்பதே கொடை. கடன் நிற்பக் கொடுப்பது, அவன் பொருளிலே ஒரு துண்டை எடுத்து அவனுக்கே தானம் பண்ணுதலாம்.

முதலாவது கூலியைக் கணக்கறிந்து, குறித்த நாளிலே, குறைவின்றிக் கொடுப்போமாக. அதன்பின் மனமகிழ்ந்து ஒரு காசு கொடுப்போமாயின், பெறுபவன் தலைகுனியாது பெறுவான். கொடுப்பவனும் தலைநிமிராது கொடுப்பான்.